5,000 கேலன் தொட்டியைக் கிளப்பிய கதை

அரிசோனாவின் தென்கிழக்கு மூலையில், வில்காக்ஸ் ஊரிலிருந்து கொஞ்சம் தள்ளி, சிரிக்காவா மலையைப் பார்த்தபடி எங்களுக்கு ஒரு நிலம் இருக்கிறது. கரண்ட் கம்பி கிடையாது, குழாய்த் தண்ணீர் கிடையாது. பீனிக்ஸ் நகரத்தை ஒட்டிய சாண்ட்லரில் இருக்கும் வீட்டிலிருந்து மூன்று மணி நேர ஓட்டம். நிலத்தோடு சேர்ந்து கைக்கு வந்த சொத்து ஒன்றுதான்: மண்ணுக்கடியில் படுத்துக் கிடந்த 5,000 கேலன் இரும்புத் தொட்டி. லிட்டரில் சொன்னால் ஏறக்குறைய 19,000. சென்னையில் ஒரு சின்ன அபார்ட்மெண்டின் சம்ப் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நம்மூர் சம்ப் செங்கல்லும் சிமெண்டும். கட்டிய இடத்தில் கடைசிவரை கிடக்கும். இது எட்டு அடி விட்டமும் பதின்மூன்று அடிச் சொச்சம் நீளமும் உள்ள இரும்பு உருளை. நகர்த்தலாம். நகர்த்தவும் வேண்டியிருந்தது.

தூக்கி வைத்தது பெரிய விஷயமே இல்லை. தொட்டி காலியாக இருக்கும் நேரத்தில் அதை எப்படிச் சமாளிப்பது என்பதில்தான் முக்கால்வாசி வேலையும், அநேகமாக முழு பயமும் இருந்தன.

அந்தப் பள்ளத்தாக்கில் தொட்டி ஏன் இவ்வளவு முக்கியம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சல்ஃபர் ஸ்பிரிங்ஸ் பள்ளத்தாக்கு என்று பெயர். பெரிய பெரிய பண்ணைகள் ஆழ்துளைக் கிணறு போட்டு உறிஞ்சியதில் நிலத்தடி நீர் இறங்கி, சிறு வீட்டுக்காரர்களின் கிணறுகள் வற்றிக்கொண்டே வருகின்றன. தரை தாழ்ந்து, சில இடங்களில் நிலம் நீளவாக்கில் வெடித்தே இருக்கிறது. அரிசோனாவின் நிலத்தடி நீர்ச் சட்டம் 1980இல் வந்தது. ஆனால் அதன் கட்டுப்பாடுகள் பெரும்பாலும் நகரங்களைச் சுற்றித்தான். இந்தப் பக்கம் பல காலம் யாரும் எவ்வளவும் இறைக்கலாம். 2022 நவம்பரில் வாக்கெடுப்பு வைத்தார்கள். தெற்கே டக்ளஸ் படுகைக்காரர்கள் கட்டுப்பாடு வேண்டும் என்றார்கள். வில்காக்ஸ் படுகைக்காரர்கள் வேண்டாம் என்றார்கள். கடைசியில் 2024 இறுதியில் மாநில அரசே வில்காக்ஸையும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. இந்த நிலைமையில் எங்களைப் போன்றவர்கள் போர் போடுவதற்குப் பதிலாக லாரித் தண்ணீர் வாங்கித் தொட்டியில் நிரப்பிக்கொள்கிறோம். லாரித் தண்ணீருக்குக் காத்திருப்பது தமிழனுக்குப் புதிதா என்ன.

தொட்டியை மண்ணில் புதைப்பதற்குக் காரணங்கள் உண்டு. கடல் மட்டத்திலிருந்து 4,000 அடிக்கு மேல் என்பதால் பனிக்கால இரவுகளில் தண்ணீர் உறையும், மேலே இருக்கும் குழாய் வெடிக்கும். கோடையில் வெயில் பிளாஸ்டிக்கை நொறுக்கிவிடும். மண்ணுக்கடியில் இந்த இரண்டும் இல்லை. வெளிச்சம் படாததால் பாசியும் பிடிக்காது.

சரி, நன்றாகக் கிடந்த தொட்டியை ஏன் கிளப்பினோம்? பக்கத்தில் ஓடிய காட்டோடைதான் காரணம். வருஷத்தில் பெரும்பாலான நாள் அது வெறும் மணல் பாதை. மழைக்காலத்தில் மலையில் பெய்தால், நம் தலைக்கு மேல் ஒரு துளி விழாமலேயே ஓடையில் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் பாயும். ஒவ்வொரு வருஷமும் கரை கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்து, தொட்டியின் ஒரு முனை வெளியே தெரிய ஆரம்பித்துவிட்டது. இன்னும் இரண்டு மழைக்காலம் விட்டிருந்தால் தொட்டி ஓடையோடு போய்க் கீழ்ப்பக்கத்து நிலத்துக்காரரின் வேலியில் நின்றிருக்கும்.

திருச்செங்கோட்டு நண்பன் ஒருவன் சாண்ட்லரில் இருக்கிறான். அவன் வீட்டில் ரிக் வண்டி வைத்து ஊர் ஊராகப் போர் போட்டவர்கள். தோண்டுவது, தூக்குவது என்றால் அவனிடம் கேட்காமல் எதுவும் செய்வதில்லை. பார்த்ததும் சொன்னான்: "மாப்ள, ஆகுற செலவுக்கு நாலு சின்டெக்ஸ் வாங்கிப் போட்டுட்டுப் போயிடலாம்." நியாயமான பேச்சு. ஆனால் பழையதை அப்படியே விட முடியாதே. மணலைக் கொட்டி நிரப்பி மூடுவது ஒரு வழி. ஓடைக்கரையில் அதுவும் நிற்காது. எப்படியும் வெளியே எடுத்தாக வேண்டும். எடுத்த பிறகு பழைய இரும்புக்குப் போடுவதா, மேட்டில் மறுபடி புதைப்பதா என்பதுதான் கேள்வி.

இந்த இடத்தில் மிதப்பதைப் பற்றிப் பேச வேண்டும். பாலைவனத்தில் தொட்டி மிதக்குமா என்று என் மனைவி சிரித்தாள். நிலத்தடி நீர் பல நூறு அடிக்குக் கீழே இருக்கிறது, உண்மைதான். ஆனால் அந்த மண்ணுக்கடியில் சுக்கான்பாறை இருக்கிறது. மழைநீரில் கரைந்த சுண்ணாம்பு ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இறங்கி இறுகிப் போன அடுக்கு. அங்கே அதை கலீச்சி என்கிறார்கள். தண்ணீர் அதில் சுலபமாக இறங்காது. அதை உடைத்துக் குழி எடுத்துத் தொட்டியை வைத்து, சுற்றிலும் தளர்ந்த மண்ணைக் கொட்டினால், அந்தக் குழி ஒரு கிண்ணம் ஆகிவிடுகிறது. பெருமழையில் ஓடும் தண்ணீர் தளர்ந்த மண் வழியாக இறங்கிக் கிண்ணத்தில் தேங்கும். தொட்டி அதில் நிற்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 19,000 லிட்டர் தொட்டி முழுக்கத் தண்ணீரில் அமிழ்ந்தால் தண்ணீர் அதை 19 டன் விசையில் மேலே தள்ளும். கால் அங்குலத் தகட்டில் செய்த அந்தத் தொட்டியின் எடையோ இரண்டு டன்தான். மேலே இரண்டு அடி மண் மூடியிருந்தாலும், ஊறிய மண் தண்ணீருக்குள் எடை இழந்துவிடுவதால், தோளில் உட்காரும் மண்ணையும் சேர்த்து எட்டு டன் சொச்சம்தான் கீழே அழுத்தும். தொட்டியின் எடையும் மண்ணும் போக மீதி எட்டு ஒன்பது டன்னுக்கு யார் பொறுப்பு? உள்ளே இருக்கும் தண்ணீர்தான். அதனால்தான் அங்கே பழைய ஆட்கள் மழைக்காலத்தில் தொட்டியைப் பாதிக்குக் கீழே இறங்க விட மாட்டார்கள். அமெரிக்க வானிலைத் துறை அந்தப் பகுதியின் மழைக்காலத்தை ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை என்று குறித்திருக்கிறது. கோடை முடிவில் செலவு போக மிச்சம் கொஞ்சமாக இருக்கும் நேரத்தில்தான் மழையும் வந்து சேர்கிறது. காலி நீச்சல் குளமே தரையை விட்டு மேலே எழும்பிய கதைகள் உண்டு, இதெல்லாம் எம்மாத்திரம்.

ஆகவே வேலையை மே மாதத்தில் வைத்துக்கொண்டோம். மழைக்கு முன்னால் எடுத்து, புதைத்து, நிரப்பிவிட வேண்டும்.

தோண்டுவதற்கு முன் 811 என்ற எண்ணுக்குச் சொல்ல வேண்டும். அமெரிக்கா முழுக்க ஒரே எண். அரிசோனாவில் குறைந்தது இரண்டு முழு வேலை நாட்களுக்கு முன்பே சொல்லியாக வேண்டும். ஆட்கள் வந்து மின்சாரத்துக்குச் சிவப்பு, எரிவாயுவுக்கு மஞ்சள், தண்ணீருக்கு நீலம் என்று தரையில் பூசிவிட்டுப் போவார்கள். ஆனால் அவர்கள் குறிப்பது கம்பெனிகளுடைய கம்பிகளையும் குழாய்களையும் மட்டும். முந்தைய நிலத்துக்காரர் தன் இஷ்டத்துக்குப் போட்ட பம்பு வயர், மிதவை சுவிட்ச் வயர், தோட்டக் குழாய் எதுவும் யார் வரைபடத்திலும் இருக்காது. அந்த இடங்களில் மண்வெட்டியால் பார்த்துப் பார்த்துத்தான் எடுத்தோம்.

குழியின் அளவுதான் என்னை அசர வைத்தது. தொட்டி எட்டடிக்குப் பதின்மூன்றடி. மேலே இரண்டடி மண். ஆக, பத்தடி ஆழம் போக வேண்டும். ஐந்தடிக்கு மேல் ஆழமான குழியில் ஆள் இறங்க வேண்டுமென்றால், பக்கச் சுவருக்கு முட்டுக் கொடுக்க வேண்டும் அல்லது சரிவாக வெட்ட வேண்டும் என்பது அங்கே தொழிலாளர் பாதுகாப்பு விதி. தளர்ந்த மணல் மண்ணுக்கு ஓரடி ஆழத்துக்கு ஒன்றரை அடி சரிவு. பத்தடி ஆழத்துக்கு ஒவ்வொரு பக்கமும் பதினைந்து அடி. ஆள் நடக்க இடமும் விட்டால், மேலே குழியின் வாய் 42 அடிக்கு 47 அடி என்று விரிகிறது. வெளியே வரும் மண் ஏறக்குறைய 400 டன். இரண்டு டன் இரும்பை எடுக்க 400 டன் மண்! எங்கள் விஷயத்தில் ஒரு பக்கத்தை ஓடையே அரித்து வைத்திருந்ததால் கொஞ்சம் குறைந்தது. அந்தப் புண்ணியத்தையாவது ஓடை செய்தது.

மண்ணைக் குழி விளிம்பிலேயே குவிக்கக் கூடாது, இரண்டடியாவது தள்ளிக் கொட்ட வேண்டும். ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல் எடை; இடுப்பளவு சரிந்து மூடினாலே ஆளை இழுத்து எடுக்க முடியாது.

பொக்லைன் ஓட்டியவர் அந்தப் பக்கத்துக்காரர், அறுபதைத் தாண்டியவர். இருபது டன் வண்டி. சுக்கான்பாறை வந்த இடத்தில் பக்கெட்டைக் கழற்றிவிட்டு பிரேக்கர் மாட்டினார். மற்ற இடங்களில் தொல்லை கொடுத்தது வேர். தொட்டிக்குப் பக்கத்தில் மெஸ்கீட் மரம் ஒன்று நின்றது. நான் முதுகுளத்தூர்ப் பக்கம் பிறந்தவன். அந்த மரத்தை முதல்முறை பார்த்தபோது எங்கள் ஊர்க் கண்மாய்க்கரை ஞாபகம்தான் வந்தது. சீமைக் கருவேலத்தின் நெருங்கிய சொந்தம் அது. ராமநாதபுரத்தையே மூடிவிட்ட அந்த முள்ளுக்கும் பூர்வீகம் அமெரிக்கக் கண்டங்கள்தான். டூசான் அருகே ஒரு திறந்தவெளிச் சுரங்கத்தில் மெஸ்கீட்டின் வேரை 50 மீட்டருக்கும் கீழே கண்டிருக்கிறார்கள். எங்கள் மரம் அவ்வளவு கஷ்டப்படவில்லை. தொட்டியின் குழாய் இணைப்பில் இருந்த கசிவைக் கண்டுபிடித்து, அதைச் சுற்றிப் பாய் பின்னியது போல வேர் விட்டிருந்தது.

தூசியைப் பற்றி ஒரு வார்த்தை. அந்த மண்ணில் ஒரு பூஞ்சை இருக்கிறது. தோண்டும்போது பறக்கும் தூசியோடு நுரையீரலுக்குப் போனால் பள்ளத்தாக்குக் காய்ச்சல் வரும். அமெரிக்காவில் அந்த நோய் அதிகம் இருப்பது அரிசோனாவிலும் கலிஃபோர்னியாவிலும்தான். எல்லோரும் என்95 முகக்கவசம் போட்டோம், மண்ணில் தண்ணீர் தெளித்துக்கொண்டே தோண்டினோம். விலை கொடுத்து வாங்கிய தண்ணீரை மண்ணில் தெளிக்க மனசு வரவில்லை, ஆனாலும் தெளித்தோம்.

தொட்டியில் இருந்த தண்ணீரை வீணாக்காமல் கம்பிக்கூண்டு போட்ட 275 கேலன் சதுரத் தொட்டிகளிலும் பக்கத்து நிலத்துக்காரரின் தொட்டியிலுமாக மாற்றினோம். பொக்லைன் பாதி ஆழம் போகும்வரை கொஞ்சம் தண்ணீரை உள்ளேயே விட்டுவைத்தோம். ஒரு பக்கம் மண்ணை எடுத்து, மறுபக்கம் மண் அழுத்திக்கொண்டிருக்கும்போது காலி உருளை எந்த நேரம் புரளும் என்று சொல்ல முடியாது.

காலியான பிறகு நண்பன் போட்ட முதல் உத்தரவு: "எவனும் உள்ள எறங்கக் கூடாது. தலையக்கூட உள்ள விடாத." கிணற்றில் இறங்கியவர் மயங்கி விழ, காப்பாற்ற இறங்கியவரும் விழ, அடுத்தவரும் விழ என்று நம்மூர் செய்தித்தாள்களில் படித்துப் படித்துச் சலித்த விஷயம்தான். சாக்கடைத் தொட்டியில்தான் விஷவாயு இருக்கும், நல்ல தண்ணீர்த் தொட்டியில் என்ன இருக்கப் போகிறது என்று நினைப்போம். இரும்புத் தொட்டிக்கு விஷவாயு தேவையே இல்லை. துரு பிடிப்பது என்றால் இரும்பு ஆக்சிஜனை எடுத்துக்கொள்வது என்று அர்த்தம். மூடிக் கிடக்கும் ஈரமான இரும்புத் தொட்டியில் சுவர் முழுக்கத் துரு, உள்ளே இருக்கும் காற்றிலிருந்து ஆக்சிஜனைத் தின்றுகொண்டே இருக்கும். சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். 19.5க்குக் கீழே போனாலே ஆபத்து என்கிறது அமெரிக்க விதி. மூக்குக்கு எந்த வாசனையும் தெரியாது, மூச்சும் முட்டாது, நேராக மயக்கம்தான். வாடகைக்கு எடுத்த வாயு மீட்டரைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்த்தோம், சத்தம் போட்டது. பிளோயர் வைத்துக் காற்றடித்த பிறகும் யாரையும் இறங்க விடவில்லை. செல்போனைக் குச்சியில் கட்டி உள்ளே விட்டுப் படம் எடுத்தோம், அடியில் இருந்த சேற்றை மேலிருந்தே தண்ணீர் பீய்ச்சிக் கலக்கி, சேற்றுப் பம்பு வைத்து உறிஞ்சினோம்.

அந்தச் சேற்றை முழுசாக எடுத்தே ஆக வேண்டும் என்று ஆபரேட்டர் பிடிவாதமாக இருந்தார். அடியில் அரை அடி தண்ணீர்தானே என்று எனக்குத் தோன்றியது. பிறகு கணக்குப் போட்டேன்: அந்த உருளையில் அரை அடி என்றால் கிட்டத்தட்ட அரை டன். தூக்கும்போது ஒரு முனை ஒரு சாண் தாழ்ந்தால் அரை டன்னும் அந்த முனைக்கு ஓடும், முனை இன்னும் தாழும். பெல்ட் நழுவுவதற்கு அது போதும்.

தொட்டியின் மேல் பழைய கொக்கிகள் இருந்தன. அவற்றை யாரும் நம்பவில்லை. மண்ணுக்குள் பல வருஷம் கிடந்த வெல்டிங்கைப் பார்வையால் சோதிக்க முடியாது. தார்ப் பூச்சைச் சுரண்டி, அல்ட்ராசானிக் மீட்டரால் தகட்டின் கனத்தை அங்கங்கே பார்த்தோம். ஓவர்ஃப்ளோ குழாய் சேரும் கழுத்தைத் தவிர மற்ற இடம் தெம்பாக இருந்தது. இந்தச் சோதனை சரியாக வந்திருக்காவிட்டால் பழைய இரும்புக்குப் போட்டிருப்போம். பிறகு இரண்டு அகலமான நைலான் பெல்ட்டை அடியில் கொடுத்துத் தொட்டில் மாதிரி கட்டி, இரு முனையிலும் கயிறு. அடி மண் பிடித்துக்கொண்டிருக்கும்போது வெடுக்கென்று இழுக்கக் கூடாது; பக்கங்களில் பாதிக்குக் கீழே வரை மண்ணை எடுத்து, மெல்ல அசைத்து விட வேண்டும். ஓரடி தூக்கி அப்படியே நிறுத்தினார். எல்லோரும் பார்த்தோம். அப்புறம்தான் மேலே போனது.

காற்று கிளம்புவதற்கு முன்னால் காலையிலேயே தூக்கிவிட்டோம். மே மாதத்தில் அந்தப் பக்கம் மத்தியானக் காற்று பலமாக வீசும். எட்டடிக்குப் பதின்மூன்றடி காலித் தகரம் பெல்ட்டில் தொங்கினால் பாய்மரம்தான். டிரெய்லரில் இறக்கி, உருளாமல் இரண்டு பக்கமும் மர ஆப்பு வைத்து, மேட்டுக்குக் கொண்டுபோனதெல்லாம் சுலபமாக முடிந்தது. சொந்த நிலத்துக்குள்ளேயே என்பதால் சாலை அனுமதி வாங்கும் வேலையும் இல்லை.

மேட்டில் வைத்தால் பம்பு வேண்டாமே என்று பலர் கேட்டார்கள். 23 அடி உயரத்துக்கு 10 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 10 பவுண்டு) அழுத்தம்தான் கிடைக்கும். சொட்டு நீருக்குப் போதும், குளிக்கிற ஷவருக்குப் போதாது. பம்பு இருக்கிறது.

புதுக் குழியில் கவனமெல்லாம் அடித்தளத்தில். கல் ஒன்று துருத்திக்கொண்டிருந்தால் பிற்பாடு 19 டன் தண்ணீரும் அந்த ஒரு புள்ளியில் உட்காரும். சலித்த மணல் பரப்பி, ரசமட்டம் பார்த்து, தொட்டியை இறக்கினோம். இருபுறமும் நீளவாக்கில் கான்கிரீட் உத்தரம் போட்டு, தொட்டியின் மேல் பட்டை கொடுத்து அதில் கட்டினோம். இனி மழைக்கிண்ணம் நிரம்பினாலும் தொட்டியோடு சேர்த்து உத்தரத்தையும் அதன் மேல் மண்ணையும் கிளப்ப வேண்டும். மெக்னீசியக் கட்டி ஒன்றைத் தொட்டிக்கு வயரால் இணைத்துப் பக்கத்தில் புதைத்தோம். அரிப்பு முதலில் அதைத்தான் தின்னும். பிறகு மண்: ஒரே மூச்சில் தள்ளாமல் முழங்காலளவு கொட்டி, ஈரமாக்கி, திமிசு போட்டு இறுக்கி, அதே உயரத்துக்கு உள்ளே தண்ணீரும் விட்டு, மறுபடி மண். வெளியே மண் ஏற உள்ளேயும் தண்ணீர் ஏற வேண்டும். பிளாஸ்டிக் தொட்டி என்றால் இது கட்டாயம். இல்லாவிட்டால் மண் நெருக்கி வயிறு ஒட்டிவிடும். இரும்புக்கு அந்தப் பயம் குறைவு என்றாலும் நண்பன் விடவில்லை. தண்ணீர் லாரிக்காரர் பொறுமையாகக் காத்திருந்தார், மணிக்கணக்கில் காசு வாங்கிக்கொண்டு.

நிரப்புவதற்கு முன் குளோரின். முழுத் தொட்டியிலும் 50 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 50 பங்கு) கலந்து ஒரு நாள் வைத்துக் கொட்டிவிடுவது வழக்கமான முறை. வீட்டு பிளீச் 15 லிட்டர் போதும், ஆனால் 19,000 லிட்டர் தண்ணீரைக் கொட்ட வேண்டும். பாலைவனத்தில் அது பாவம். 200 பி.பி.எம். கரைசலை நீளக் குழாயால் சுவரில் அடித்து ஊறவிடும் முறையும் ஏற்கப்பட்டதுதான்; அதைச் செய்தோம். குடிக்க மட்டும் இன்றும் கேன் தண்ணீர்.

செலவைப் பார்த்தால் நண்பன் சொன்னது சரி. புதுத் தொட்டி விலையை நெருங்கிவிட்டது. யாராவது கேட்டால் இப்படித்தான் சொல்வேன்: பிளாஸ்டிக் என்றால் விட்டுவிடுங்கள், மண்ணிலிருந்து எடுக்கும்போதே விரிசல் விடும். சிமெண்ட் என்றால் பேச்சே இல்லை. டீசல் வைத்திருந்த தொட்டி என்று சந்தேகம் வந்தாலும் வேண்டாம். தகடு தெம்பான இரும்பு, எப்படியும் தோண்டித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம், இரண்டும் சேர்ந்தால் மட்டும் யோசிக்கலாம்.

பழைய குழியை மூடிய மண்ணில் பாதியை முதல் மழையிலேயே ஓடை எடுத்துக்கொண்டு போனது. அடுத்து, கொட்டகையின் கூரை விளிம்பில் தகரக் கால்வாய் மாட்ட வேண்டும். 1,000 சதுர அடிக் கூரையில் ஓர் அங்குலம் பெய்தால் 620 கேலன் கிடைக்கும்; அரிசோனாவில் கூரை நீரைப் பிடிக்க யாரும் தடை சொல்வதில்லை. அந்தப் பக்கம் வருஷத்துக்குப் பன்னிரண்டு அங்குலம் பெய்யும். நண்பனிடம் ஏணி இருக்கிறது, கேட்டிருக்கிறேன்.